300 எல்இடி உள்ள ஸ்ட்ரிப்பில் நிறம் ஏன் துள்ளித் துள்ளி மாறுகிறது?

கேள்வி: 5 வோல்ட் டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப் (ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனியாக மாற்றக்கூடியது), 300 எல்இடி, அதை இயக்க ஆர்டுயினோ ஊனோ போர்டு. மெதுவாக மங்கி அணையும்போது கடைசிக் கட்டத்தில் தனித்தனிப் படிகளாகக் குதிக்கிறது. ஓடும் ஒளிப்புள்ளியும் விட்டு விட்டு நகர்கிறது. நிரலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையே காத்திருக்கும் டிலேயைக் குறைத்தும் சரியாகவில்லை.

பதில்:

டிலேயைக் குறைத்தால் வேகம்தான் கூடும், துள்ளல் போகாது. ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள்தான். 200லிருந்து 201க்குப் போனால் வெளிச்சம் அரை சதவீதம் கூடும், கண்ணுக்குத் தெரியாது. 1லிருந்து 2க்குப் போனால் வெளிச்சம் இரண்டு மடங்கு. அதனால்தான் அணையும் நேரத்தில் மட்டும் படி தெரிகிறது.

ஆகவே கணக்கை 8 பிட்டில் போடாதீர்கள். ஒவ்வொரு எல்இடியின் வெளிச்சத்தையும் 16 பிட்டில் வைத்துக்கொண்டு, அனுப்பும் நொடியில் மட்டும் 8 பிட்டாக்குங்கள். ஸ்ட்ரிப்பில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பைப் படித்து 0.95ஆல் பெருக்கித் திரும்ப எழுதும் முறை பலரிடம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் பின்னம் வெட்டப்பட்டு, மூன்று நிறங்களின் விகிதமும் கெட்டு, ஆரஞ்சு சிவப்பாகி அணையும். இந்த ஸ்ட்ரிப்புகளுக்கான அடாஃப்ரூட் நியோபிக்சல் லைப்ரரியில் மொத்த வெளிச்சத்தை மாற்றும் செட்பிரைட்னஸ் கட்டளையை அனிமேஷனுக்குப் பயன்படுத்தினாலும் இதே கதிதான். அது சேமித்த மதிப்புகளையே மாற்றிவிடும். தொடக்கத்தில் ஒரு முறை அழைப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காமா, அதாவது எண்ணைக் கண் உணரும் வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றும் கணக்கு. 2.8 காமா அட்டவணையில் 128 என்பது 37 ஆகிறது, கண்ணுக்கு அதுதான் ஏறக்குறையப் பாதி வெளிச்சம். ஆனால் 8 பிட் அட்டவணையில் 0 முதல் 27 வரை எல்லாமே பூஜ்ஜியமாகிவிடும். மங்கும் காட்சி பாதியிலேயே சட்டென்று இருண்டால் காரணம் இதுதான். காமாவையும் 16 பிட்டில் கணக்கிட வேண்டும்.

16 பிட்டில் மேல் 8 பிட்டை அனுப்பிவிட்டு, கீழ் 8 பிட் மிச்சத்தை அடுத்த ஃப்ரேமில், அதாவது ஸ்ட்ரிப் முழுவதற்கும் அடுத்த முறை அனுப்பும்போது கூட்டுங்கள். 2.25 என்ற மதிப்பு 2, 2, 2, 3 என்று போகும், கண் சராசரியைப் பார்க்கும். இதற்குப் பெயர் டித்தரிங். இதற்கு ஃப்ரேம் வேகம் வேண்டும். ஒரு எல்இடிக்கு 24 பிட், பிட்டுக்கு 1.25 மைக்ரோ நொடி, ஆக 30 மைக்ரோ நொடி. 300 எல்இடிக்கு 9 மில்லி நொடி ஆகும். ஃப்ரேம்களுக்கு நடுவே விட வேண்டிய சிறு இடைவெளியும் சேர்ந்து, அதிகபட்சம் நொடிக்கு 107 ஃப்ரேம் அளவில் நின்றுவிடும். நான்கு ஃப்ரேமுக்கு ஒரு முறை வரும் மாற்றம் அப்போது நொடிக்கு 27 முறை மட்டும், சிமிட்டல் தெரியும். ஸ்ட்ரிப்பை 100 எல்இடியாக மூன்றாக வெட்டி, ஊனோவைவிட வேகமான இஎஸ்பி32 போர்டின் மூன்று பின்களிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பினால் 300 ஃப்ரேமை நெருங்கலாம். என் பரிந்துரையும் இஎஸ்பி32தான், இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊனோவில் நியோபிக்சல் லைப்ரரி டேட்டா அனுப்பும் 9 மில்லி நொடியும் இன்டர்ரப்டை (ஓடும் வேலையை நிறுத்தி அவசர வேலையைச் செய்ய வைக்கும் சிக்னல்) அடைத்து வைக்கும். இன்டர்ரப்டை வைத்து மில்லி நொடிகளை எண்ணும் மில்லிஸ் கடிகாரம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சுமார் 8 மில்லி நொடி பின்தங்கும், அதை நம்பி எழுதிய அனிமேஷன் வேகம் எல்லாம் தவறாகும்.

இனி ஓடும் புள்ளி. இடத்தையும் பின்னத்தோடு வையுங்கள்: 12.5 என்றால் 12ஆம், 13ஆம் எல்இடிக்குச் சரிபாதி. இந்தப் பங்கீட்டைக் காமாவுக்குப் பிறகுதான் செய்ய வேண்டும். முன்னால் செய்தால் இரண்டுக்கும் 128 போய், காமா அதை 37 ஆக்கி, மொத்தம் 74தான் வரும், அதாவது முழு வெளிச்சத்தில் 29 சதவீதம். புள்ளி ஒவ்வொரு இடைவெளியிலும் மங்கி மங்கித் துடிக்கும். நிரலைப் பார்த்தால் பிழையே தெரியாது, அதனால் இதில் வெகுநேரம் தேட நேரும். நகர்வை ஃப்ரேமுக்கு இத்தனை என்று எழுதாமல், கழிந்த நேரத்தால் பெருக்கி எழுதுங்கள்.

இஎஸ்பி32க்கு மாறும்போது வயரிங்கில் ஒன்று: அதன் சிக்னல் 3.3 வோல்ட், ஸ்ட்ரிப் கேட்பது மின்சப்ளையில் 0.7 பங்கு, அதாவது 3.5 வோல்ட். சில நேரம் ஓடும், சில நேரம் தாறுமாறான நிறம் மின்னும். சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74ஏஎச்சிடி125 சிப்பை 5 வோல்ட்டில் இடையில் போட்டு, டேட்டா வயரில் 330 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். கிரவுண்ட் எல்லாம் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். முழு வெள்ளையில் எல்இடிக்கு 60 மில்லி ஆம்பியர் வரை போகும், 300க்கு 18 ஆம்பியர். வெள்ளை கடைக்கோடியில் செம்மஞ்சளாகத் தெரிந்தால் அது நிரல் பிழை இல்லை, வோல்டேஜ் இறங்குகிறது. மறுமுனையிலும் தடித்த வயரில் 5 வோல்ட் கொடுங்கள்.