காய்ச்சலும் விரல் நுனிக் கட்டியும்

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. ருமாட்டிக் காய்ச்சலில் பழுதான இதய வால்வை மாற்றிச் செயற்கை வால்வு வைத்திருக்கிறோம். போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினோம். மூன்று வாரமாக மாலையானால் லேசாகக் காய்கிறது. விரல் நுனியில் சிவந்த சிறு கட்டி, தொட்டாலே வலி. நகத்தடியில் கருஞ்சிவப்புக் கோடுகள். தோல் டாக்டரிடம் காட்டலாமா?

பதில்: தோல் டாக்டர் இருக்கட்டும். இன்றே, வால்வு வைத்த மருத்துவமனைக்கோ இதய நோய்ப் பிரிவு உள்ள வேறு பெரிய மருத்துவமனைக்கோ அம்மாவை அழைத்துப் போங்கள். செயற்கை வால்வு உள்ளவருக்கு விடாத காய்ச்சல் என்றால், வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பல்லீறிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் ஒட்டிப் பெருகலாம். அதன் துணுக்குகள் சிதறி நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கும். உடலின் எதிர்ப்பு வினையாலும் அந்தக் குழாய்கள் அழற்சி கண்டு புண்ணாகும். விரல் நுனியில் வலியோடு வருவது ஆஸ்லர் கட்டி. உள்ளங்கை, உள்ளங்காலில் வலியில்லாத சிவப்புத் திட்டு வந்தால் அது ஜேன்வே புள்ளி. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், அங்கேயும் ரத்தப் பொட்டுகள் தெரியலாம்.

நகக்கோட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. பாத்திரம் தேய்க்கையில் நகத்தில் அடிபட்டாலும் கோடு விழும், பெரும்பாலும் நக நுனிப் பக்கமாக. ரத்தம் உறையாமலிருக்க அம்மா சாப்பிடும் மாத்திரையாலும் எளிதில் ரத்தம் கட்டும். ஆனால் காய்ச்சல், கட்டி, செயற்கை வால்வு மூன்றும் சேர்ந்திருப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. இன்னொன்று, தோலில் எதுவுமே தெரியாமலும் இந்தத் தொற்று வரும், பலருக்கு அப்படித்தான்.

தயவுசெய்து கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு நாள் மாத்திரையில் காய்ச்சல் தணியும், வால்வில் கிருமி அப்படியே இருக்கும். பிறகு ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) செய்தாலும் எந்தக் கிருமி என்று பிடிபடாமல் போகலாம். அதனால்தான் ஊசி மருந்து தொடங்கும் முன் கல்ச்சருக்கு மூன்று தடவையாவது தனித்தனியாக ரத்தம் எடுப்பார்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். செயற்கை வால்வு என்பதால் சாதாரண எக்கோவோடு (இதய ஸ்கேன்), உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவும் பெரும்பாலும் தேவைப்படும். தொற்று உறுதியானால் பொதுவாக ஆறு வாரமாவது சிகிச்சை நடக்கும், பெரும்பாலும் நரம்பு ஊசியாக. சிலருக்கு மறுபடி அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்த்து டாக்டர் சொல்வார். மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் ஒரு பக்கம் விழுந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், இனி பல் பிடுங்கப் போனால் வால்வு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டிய ஆன்டிபயாடிக்கைப் பல் டாக்டர் எழுதித் தருவார்.