லைசில் ஆக்சிடேஸ்: இரண்டு பட்டைகளில் எது பொய்?

வணக்கம். ராணிப்பேட்டையில் வாங்கிய பதனிடாத ஆட்டுத்தோலில் லைசில் ஆக்சிடேஸை (கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் நொதி) வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களை அளவுப்படி பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனையில், தேடினால் 50, 32 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) இரண்டு பட்டைகள் வருகின்றன, தடுப்புப் பெப்டைடு (ஆன்டிபாடியின் ஒட்டும் இடத்தை அடைக்கும் சிறு புரதத் துண்டு) வாங்கினால் எது பொய் என்று தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே மெய்யாக இருக்கலாம். இந்த நொதி 50 அளவில் முன்வடிவமாகத்தான் செல்லை விட்டு வெளியே வருகிறது. அங்கே பிஎம்பி-1 என்ற இன்னொரு நொதி வெட்டி 32 ஆக்குகிறது. உங்கள் ஆன்டிபாடி சி-முனைக்கு (புரதச் சங்கிலியின் கடைசி முனை, வெட்டிய பிறகும் மிஞ்சுவது) எதிரானது என்றால் இரண்டையும் பிடிக்கத்தான் செய்யும். முதலில் அதன் தகவல் தாளைப் பாருங்கள், காசு மிச்சம்.

வாங்குவதென்றால், அந்த ஆன்டிபாடியை உண்டாக்கப் பயன்பட்ட அதே பெப்டைடு வேண்டும். ஆன்டிபாடியைச் சமமாக இரண்டு குழாய்களில் எடுங்கள். ஒன்றில் எடையில் ஐந்து மடங்கு பெப்டைடு, மற்றதில் வெறும் பஃபர். மே மாத வேலூரில் 'அறை வெப்பநிலை' என்பதை நம்ப வேண்டாம். 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். அப்புறம் ஒரே பிளாட் சவ்வை இரண்டாக வெட்டி, இரண்டு குழாய்களையும் தனித்தனியாக ஊற்றி, ஒரே நேர அளவில் படம் எடுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பெப்டைடுக் குப்பியைக் குளிர் விட்ட பிறகே திறக்கவும், இல்லாவிட்டால் பொடி ஈரம் இழுத்துவிடும்.

சரி, பட்டை மறைந்தால்? ஆன்டிபாடி அந்த இடத்தால் ஒட்டியது என்று மட்டும்தான் பொருள். அதே போன்ற துண்டுள்ள வேறு புரதமும் சேர்ந்தே மறையும். செல் வளர்ப்பு வசதி இருந்தால் எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) கொண்டு இந்த நொதியின் மரபணுவை அடக்கிப் பார்ப்பதுதான் என் தேர்வு.

இன்னொன்று, இந்தப் பெப்டைடு நொதியின் வேலையை நிறுத்தாது. அதற்கு பிஏபிஎன் என்ற தடுப்பு வேதிப்பொருள் வேண்டும்.