உடைந்த தெர்மாமீட்டர், வெளுத்த மோதிரம்

கேள்வி: மகனுக்குக் காய்ச்சல் பார்த்தபோது பழைய தெர்மாமீட்டர் கைநழுவி விழுந்து உடைந்துவிட்டது. சிதறிய பாதரசத்தை அவன் தரையில் உருட்டி விளையாடினான். நான் விரலால் அள்ளினேன். என் தங்க மோதிரம் வெள்ளி போல் வெளுத்துவிட்டது. பாதரசத்தை ஒழிக்க உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டதாகப் படித்தேனே, அப்புறம் எப்படி இது என் வீட்டில்?
– வாசகி, திருநகர், மதுரை.

பதில்: முதலில் பிள்ளையைப் பார்ப்போம். தொட்டதற்காகப் பயப்படாதீர்கள் அம்மா. ஒரு துளி வயிற்றுக்குள் போயிருந்தாலும் அநேகமாக அப்படியே வெளியேறிவிடும். கெடுப்பது அதன் ஆவி. பாதரசம் சாதாரண அறைச் சூட்டிலேயே மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும். எனவே அந்த அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டு, பையனை வேறு அறையில் படுக்க வையுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

துடைப்பத்தைத் தொடவே வேண்டாம். ஒரு உருண்டை நூறாகத் தெறிக்கும். இரண்டு அட்டைகளால் ஒதுக்கி அள்ளி, இறுக மூடும் புட்டியில் போடுங்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடியுங்கள்; கல் இடுக்கில் ஒளிந்திருப்பது ஊசிமுனையாய் மின்னும். அதை செல்லோ டேப்பால் ஒற்றி எடுங்கள்.

மோதிரத்தைக் கழற்றித் தனியே வையுங்கள். தங்கம் பாதரசத்தைக் குடித்திருக்கிறது. நகைக்கடைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதிக்கு எடுத்துப் போனால், பாதரசம் பட்டது என்று சொல்லியே கொடுங்கள். சொல்லாவிட்டால் ஆசாரி அதை நெருப்பில் காட்டுவார். ஆவி அவர் மூக்கில் ஏறும்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த மோதிரத்திலேயே இருக்கிறது. அமேசான் காட்டிலும் கானாவிலும் இந்தோனேசியாவிலும் ஏழைத் தொழிலாளிகள் தங்க மண்ணில் பாதரசத்தைக் கலந்து, பிறகு சட்டியில் வைத்து எரித்துத் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். 2015-இல் மனிதர்கள் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,200 டன். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் சட்டிகளிலிருந்து கிளம்பியது. அந்த ஆவி மாதக்கணக்கில் காற்றிலேயே மிதந்து உலகைச் சுற்றும். எங்கோ எரித்தது நம் கடலில் இறங்கி மீனில் சேரும். ஒரு நாடு மட்டும் கதவை மூடினால் போதாது.

ஜப்பானில் மினமாட்டா ஊரின் பூனைகள் பாதரசம் ஏறிய மீனைத் தின்று, வலிப்பு வந்து துடித்துச் செத்தன. மீன் உண்ட மனிதர்களுக்கும் அதே கதி நேர்ந்தது 1956-இல் வெளிப்பட்டது. அந்த ஊரின் பெயரால் 2013-இல் ஒப்பந்தம் உருவாகி, 2017-இல் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் இந்தியா ஏற்றது. பாதரச தெர்மாமீட்டர் தயாரிப்பையும் வணிகத்தையும் நிறுத்த அந்த ஒப்பந்தம் 2020 என்று கெடு வைத்தது; கேட்ட நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் தந்தது. ஆனால் நீங்கள் முன்பே வாங்கி அலமாரியில் வைத்ததை எந்த ஒப்பந்தமும் வந்து எடுத்துப் போகாது.

கொடைக்கானலை நாம் மறக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்து வந்து நிறுவிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, 2001-இல் மூஞ்சிக்கல் காயலான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஊரார் எழுப்பிய குரலில் ஆலை மூடியது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கே கப்பலேறியது. அந்தச் செய்தியைப் படித்த நாளில்தான், வேதியியல் வகுப்பில் 'கனத்தைப் பாருங்கள்' என்று எத்தனை பிள்ளைகளின் உள்ளங்கையில் பாதரசத்தை ஊற்றியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

கேள்வி: பழுதான ட்யூப் லைட்டைக் குப்பைத் தொட்டியில் போடலாமா?
– வாசகர், மேலூர்.

பதில்: கூடாது. அதற்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. இவ்வகை விளக்குகளை 2027-க்குள் நிறுத்த 2023-இல் ஜெனீவாவில் நாடுகள் முடிவு செய்துவிட்டன. அதுவரை, அட்டை உறையில் வைத்து, தூய்மைப் பணியாளரின் கையில் தனியாகக் கொடுத்து, என்னவென்று சொல்லுங்கள். தொட்டியில் உடைந்தால் அதை முதலில் சுவாசிப்பவர் அவர்தான்.