ஹோண்டா கப்பும் காஸ்டிக் சோடாவும்

கே: அண்ணே, அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போய்வந்த ஹோண்டா சி70 கப் மோட்டாரை மறுபடி ஓட்ட ஆசை. பின் பிரேக் தட்டிலிருந்த கறுப்பைப் போக்க காஸ்டிக் சோடாவில் இரவெல்லாம் ஊறவைத்தேன். காலையில் சொரசொரவென்று அரித்துப்போய்க் கிடக்கிறது.
– சுங்கை சிப்புட் வாசகர்

ப: வேறு தட்டு தேடுங்கள். அது அலுமினியம், காஸ்டிக் சோடா அதைத் தின்றுவிடும். ஒரு பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், அப்புறம் சவர்க்காரத் தண்ணீர், இவ்வளவுதான் வேலை. ஊறவைக்கும் முன்னால் கேட்டிருக்கலாமே தம்பி.

கே: பிரேக் டிரம்முக்குள் ஒரே தூசி. கம்ப்ரசரால் ஊதலாமா?

ப: கூடாது. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

கே: யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டாரின் முன் பிரேக்கை 'முழுசா ரெஸ்டோர்' செய்வதாக ஒரு பட்டறையில் 380 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். பெயிண்ட் பளபளக்கிறது. ஆனால் ஒரே வாரத்தில், லீவரை விட்டாலும் பிரேக் விடமாட்டேன் என்கிறது. ரசீது கேட்டால் "நம்ப ஆளுதானே" என்கிறார்.

ப: இந்த 'நம்ப ஆளு'தான் எனக்கு ஆகாத வார்த்தை. காலிப்பரை, அதாவது பிஸ்டனால் பிரேக் பேடை அழுத்தும் பாகத்தை, பிரிக்காமலே பெயிண்ட் அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பிஸ்டனைப் பின்னால் இழுப்பது அந்தச் சின்ன ரப்பர் சீல்தான். அது உட்காரும் பள்ளத்தில் வெள்ளையாகப் படிவு கட்டினாலோ, பெட்ரோலில் கழுவி சீல் ஊதிப்போனாலோ பிஸ்டன் இறுகிவிடும். ஒழுங்கான வேலை என்றால் பிஸ்டனைக் கழற்றி, பள்ளத்தைச் சுரண்டி, புது சீலில் பிரேக் ஆயில் தடவிப் போடுவது. வேறு பட்டறையில் உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் படமெடுங்கள். வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய பதிவையும் அழிக்காதீர்கள், ரசீது இல்லாத குறைக்கு அவை உதவும். அதன்பிறகும் அவர் மசியவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 ஆண்டுக்குள் போக வேண்டும். வெட்கப்படாதீர்கள், ஏமாற்றியவர் அவர்.

நானும் ஏமாந்தவன்தான். ஒரு ஞாயிற்றுச் சந்தையில் 'பிரிக்காத பழைய ஸ்டாக்' என்று பிரேக் ஷூ வாங்கினேன். பெட்டி புதுசு, ஷூவில் லைனிங்கை ஒட்டிய பசைக்குத்தான் வயதாகிவிட்டது. செம்பனை ஆலை இறக்கத்தில் லைனிங் தனியாகக் கழன்று வந்தது. ரசீதா? நானும் கேட்கவில்லை.

கே: ஃபேஸ்புக்கில் ஒருவரிடம் பழைய மோட்டார் வாங்கினேன். டேங்க் ஸ்டிக்கர் அழகாக இருந்ததால் ஓட்டிப் பார்க்கவில்லை. பிரேக்கே இல்லை. மன்றத்துக்குப் போகலாமா?

ப: விற்றவர் வியாபாரி இல்லையென்றால் அங்கே எடுபடாது. ஸ்டிக்கரைப் பிடித்து நிறுத்திப் பாருங்கள்.