வரிச் சட்டமும் அவை விதிகளும் ஒருசேரத் தெரிந்த எம்.பி.யால் என்ன சாதிக்க முடியும்?

ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுப் பிழைக்கிறவன் என்பதால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் வில்பர் மில்ஸ். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்துக்காரர். 1958 முதல் 1974 வரை பிரதிநிதிகள் சபையின் 'வேஸ் அண்ட் மீன்ஸ்' குழுவுக்குத் தலைவர்.

அந்த நாட்டு அரசியல் சாசனப்படி வரி மசோதா பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும். அங்கே அதைப் பிரித்து மேய்வது இந்தக் குழு. வரிச் சட்டம் மில்ஸுக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் சட்டம் தெரிந்த அதிகாரிகள் நிதித்துறையிலும் நிறையப் பேர் இருந்தார்களே! மில்ஸை அசைக்க முடியாத ஆளாக்கியது அவை விதிகள்தான் என்பேன்.

முதலாவது, அவர் துணைக்குழுவே வைத்துக்கொள்ளவில்லை. எல்லாமே 25 பேர் கொண்ட முழுக்குழுவில், அவர் கண் முன்னால்தான் நடக்கும். மசோதா அவைக்குப் போகும்போது 'க்ளோஸ்டு ரூல்' வாங்கிவிடுவார். குழுவுக்கு வெளியிலிருந்து யாரும் திருத்தம் கொண்டுவர முடியாது. மொத்தமாக ஏற்க வேண்டும், இல்லையென்றால் மொத்தமாக நிராகரிக்க வேண்டும். இதைவிடப் பெரிய பிடி ஒன்றும் இருந்தது. ஜனநாயகக் கட்சி எம்.பி.க்களில் யாருக்கு எந்தக் குழுவில் இடம் என்று முடிவு செய்ததும் இதே குழுவிலிருந்த அக்கட்சிக்காரர்கள்தான். அப்புறம் யார் அவரைப் பகைத்துக்கொள்வார்கள்?

1965 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். முதியோர் மருத்துவத்துக்குக் குழு முன்னால் மூன்று யோசனைகள். ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் அரசு கேட்டது ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்பீடு. குடியரசுக் கட்சியின் ஜான் பைர்ன்ஸ் சொன்னது டாக்டர் பீஸுக்கும் சேர்த்து, விருப்பப்பட்டவர்கள் பிரீமியம் கட்டும் திட்டம். மருத்துவர் சங்கமோ ஏழை முதியோருக்கு மட்டும் உதவி போதும் என்றது. ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் அடிபடும் என்று எல்லோரும் நினைத்திருக்க, மூன்றையும் ஒரே மசோதாவாக்கினால் என்ன என்று கேட்டார் மில்ஸ். அரசுத் தரப்பில் உட்கார்ந்திருந்த வில்பர் கோஹனுக்கே அது அதிர்ச்சி. எதிர்க்கட்சியின் யோசனையே உள்ளே வந்துவிட்டதால் அவர்களுக்கு எதிர்ப்பது கஷ்டமாகிவிட்டது. முதியோருக்கான மெடிக்கேர், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் என்று இன்றும் இருக்கும் அரசு மருத்துவத் திட்டங்கள் அப்படிப் பிறந்தவை; ஜூலை 30 அன்று ஜான்சன் கையெழுத்திட்டார்.

அதே ஜான்சன் 1967-ல் 10 சதவீத சர்சார்ஜ் (வரிக்கு மேல் கூடுதல் வரி) கேட்டபோது, செலவைக் குறைக்காமல் வரி இல்லை என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார் மில்ஸ். 600 கோடி டாலர் செலவுக் குறைப்போடுதான் 1968 ஜூனில் அது சட்டமானது. ஜனாதிபதியைக் காக்க வைத்த எம்.பி.!

1974-ல் குடிப்பழக்கமும் ஒரு தெருச் சம்பவமும் சேர்ந்து அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கின. அதே சமயத்தில் குழுவை 37 பேராக்கினார்கள், துணைக்குழுக்களைக் கட்டாயமாக்கினார்கள், இடம் ஒதுக்கும் அதிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

நம் ஊரில் இப்படி ஒருவர் உருவாவது கஷ்டம். நிதி மசோதா வழக்கமாக நிலைக்குழுவுக்கே போவதில்லை. அரசியல் சாசனத்தின் 117வது பிரிவுப்படி, வரியைக் குறைக்கச் சொல்லும் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவர் பரிந்துரை தேவையில்லை. எந்த உறுப்பினரும் நோட்டீஸ் கொடுக்கலாம். ஆனால் 1985-லிருந்து கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவு போட்டுவிட்டால் ஆளுங்கட்சி எம்.பி. எவ்வளவு நல்ல திருத்தத்துக்கும் கை தூக்க முடியாது. மார்ச் மாதம் சன்சத் டிவி போட்டுப் பாருங்கள்: எதிர்க்கட்சி உறுப்பினர் எண் சொல்லித் திருத்தத்தை முன்மொழிவார், குரல் வாக்கெடுப்பில் அது தோற்கும், சபாநாயகர் அடுத்த ஷரத்துக்குப் போய்விடுவார்.