பாக்டீரியா சாகிறது, நம் செல் எப்படித் தப்புகிறது?

கேள்வி: ஆன்டிபயாடிக் மாத்திரை கிருமியைக் கொல்கிறது, சரி. நம் உடம்பின் செல்களை ஏன் விட்டுவிடுகிறது? சாதாரண சளிக்கு டாக்டர் அதைத் தர மறுப்பது ஏன்?

பதில்: பாக்டீரியாவில் உள்ள, நம்மிடம் இல்லாத அல்லது நம்முடையதிலிருந்து வேறுபட்ட பாகங்களைத்தான் இம்மருந்துகள் குறிவைக்கின்றன. பாக்டீரியாவைச் சுற்றி வலைபோல் பின்னிய ஒரு சுவர் உண்டு. அது வளரும்போதெல்லாம் வலையின் இழைகளை வெட்டி, புது இழை சேர்த்து, மறுபடி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போடும் என்சைமோடு பெனிசிலின், அமாக்சிசிலின் போன்றவை ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகின்றன. வெட்டு விழுகிறது, முடிச்சு விழுவதில்லை. சுவர் நைந்து, வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே புகுந்து, பாக்டீரியா உப்பி வெடிக்கிறது. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. எனவே ஆபத்தில்லை. அலர்ஜி வருவது வேறு விஷயம்.

அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் இரண்டும் பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பிடித்து அந்த உற்பத்தியை நிறுத்துகின்றன. நம் ரைபோசோமின் அமைப்பு வேறு.

சளியைக் கொண்டுவருவது வைரஸ். அதற்குச் சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அடிபடும், வயிற்றுப்போக்கு வரலாம். மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். என் கவலையெல்லாம் இதில்தான்.

டாக்சிசைக்ளினைப் பாலோடு விழுங்காதீர்கள். கால்சியம் மருந்தைப் பிணைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரும் அளவு குறையும். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் சிக்கினால் புண்ணாகிவிடும்.