நிமோனியா என்று எழுதிய சான்றிதழ்: டுடெர்டே வழக்கு, கேள்வி பதில்

போதைப்பொருளை ஒழிக்கிறேன் என்று பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் ரொட்ரிகோ டுடெர்டே தொடங்கிய நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்காக இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகரில், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் அவர் மீது வழக்கு இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே இதை விடாமல் படித்து வருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், செத்தவர்கள் எத்தனை பேர்? ஒரு செய்தியில் 6,000, இன்னொன்றில் 30,000 என்று போடுகிறார்கள்.

இரண்டும் வேறு வேறு கணக்கு. போலீஸ் நடவடிக்கையில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்ததாக அரசே சொல்லியிருக்கிறது. முகத்தை மறைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போனவர்கள் செய்த கொலைகள் அதில் சேராது. அவற்றையும் சேர்த்து 12,000 முதல் 30,000 வரை இருக்கலாம் என்பது ஹேக் வழக்குத்தொடுநர் அலுவலகத்தின் மதிப்பீடு. அதுவும் 2019 மார்ச் வரைக்கும்தான்.

கேள்வி: தற்காப்புக்காகத்தான் சுட்டோம் என்று போலீஸ் சொல்கிறதே?

அதற்கு அங்கே ஒரு வார்த்தையே உண்டு, ‘நன்லாபான்’. ‘எதிர்த்துத் தாக்கினான்’ என்று அர்த்தம். அறிக்கைக்கு அறிக்கை இதையேதான் எழுதினார்கள். நடவடிக்கையின் பெயர் தோக்ஹாங். கதவைத் தட்டுவது, கெஞ்சிக் கேட்பது என்ற இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தது. கெஞ்சப் போவதாகப் பெயர் வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு போனார்கள்.

2017 ஆகஸ்ட் 16 இரவு, மணிலாவை ஒட்டிய கலோகானில் 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் கொல்லப்பட்டான். எங்களைச் சுட்டான், அதனால் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். துப்பாக்கி கிடந்தது அவனுடைய இடது கைப்பக்கம். அவன் வலது கைக்காரன் என்றார்கள் வீட்டார். தெருவில் இருந்த கேமராவில் அவனை இழுத்துக்கொண்டு போவது பதிவாகியிருந்தது. கொலைக் குற்றத்துக்காக மூன்று போலீஸ்காரர்களுக்கு 2018 நவம்பரில் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தக் கேமராவும் துணிந்து சாட்சி சொன்ன அக்கம்பக்கத்தாரும் இல்லாவிட்டால் அவனும் ஒரு ‘நன்லாபான்’தான். உள்ளூர் நீதிமன்றங்களில் இப்படித் தண்டனை வரை போன வழக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கேள்வி: அந்த நாடுதான் 2019-லேயே நீதிமன்றத்தை விட்டு விலகிவிட்டதே, பிறகு எப்படி வழக்கு?

விலகினால் பழைய கணக்கு தீர்ந்துவிடாது. பிலிப்பைன்ஸ் உறுப்பினராக இருந்தது 2011 நவம்பர் முதல் 2019 மார்ச் வரை. அந்தக் காலத்தில் நடந்த குற்றங்களை விசாரிக்கலாம். டுடெர்டே அதிபராவதற்கு முன் டாவாவோ நகர மேயராக இருந்த சில வருடங்களும் இதற்குள் வருகின்றன. முதற்கட்ட ஆய்வு 2018 பிப்ரவரியில் தொடங்கியது. அடுத்த மாதமே விலகல் கடிதம் போனது. எங்களை விசாரிக்க அதிகாரம் கிடையாது என்று அவர் தரப்பு வாதாடியதை நீதிபதிகள் 2025 அக்டோபரில் தள்ளுபடி செய்தார்கள்.

கேள்வி: டுடெர்டேவுக்கு அடுத்து அதிபரான மார்கோஸின் குடும்பத்துக்கும் டுடெர்டே குடும்பத்துக்கும் சண்டை. அதனால்தானே பிடித்துக் கொடுத்தார்கள்? இது நீதியா, அரசியலா?

அரசியல் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹேக்கோடு ஒத்துழைக்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்த அரசுதான், 2025 மார்ச் 11 அன்று ஹாங்காங்கிலிருந்து திரும்பியவரை மணிலா விமான நிலையத்தில் கைது செய்து, அன்றிரவே ஹேக்குக்கு விமானம் ஏற்றியது. இரண்டு குடும்பங்களும் கூட்டணியாகவே இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாரண்ட் அந்தச் சண்டையில் முளைத்ததல்ல. அதற்கு முன்பே பல வருடங்களாகத் தாய்மார்களும் மனைவிமார்களும் பயத்தோடு வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள்.

கேள்வி: தூக்குத் தண்டனை கிடைக்குமா?

கிடைக்காது, அந்த நீதிமன்றத்தில் மரண தண்டனை இல்லை. அதிகபட்சம் ஆயுள். நிரூபிக்கும் வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும்தான். ஹேக் சிறையில் இருந்தபடியே 2025 மே மாதம் டாவாவோ மேயர் தேர்தலில் ஜெயித்தார் என்பதையும் மறக்க வேண்டாம். அவர் செய்தது சரிதான் என்று நம்புகிறவர்கள் அங்கே இன்னும் ஏராளம்.

கேள்வி: குடும்பங்கள் இப்போது எப்படி இருக்கின்றன அண்ணா?

மணிலாவில் ஏழைகளுக்குக் கல்லறையும் வாடகைக்குத்தான், பெரும்பாலும் ஐந்து வருடம். அடுக்குமாடி போலக் கட்டிய சிமெண்டுப் பொந்துகள். கெடு முடிந்து மறுபடி பணம் கட்டாவிட்டால் எலும்புகளை வெளியே எடுத்துவிடுவார்கள். 2016-ல் புதைத்தவர்களின் கெடு 2021-ல் முடியத் தொடங்கியது. சாட்சியமும் அந்த எலும்புகளோடு போய்விடும் நிலை.

அப்போதுதான் பாதிரியார் ஃப்ளாவி வில்லனுவேவா குடும்பங்களோடு சேர்ந்து முறைப்படி அவற்றைத் தோண்டி எடுக்க ஆரம்பித்தார். தடயவியல் மருத்துவர் ரக்கெல் ஃபோர்த்துன் ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தார். மண்டையோட்டில் குண்டு துளைத்த ஓட்டை இருக்கும். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று இருக்கும். இப்படிச் சில சான்றிதழ்களை அவர் வெளியே கொண்டுவந்தார். முதலில் படித்தபோது அந்தப் பக்கத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

ஆய்வு முடிந்தபின் எலும்புகளை எரித்துச் சாம்பலைக் கலசத்தில் வைத்துக் குடும்பத்திடம் கொடுக்கிறார்கள். கலோகானில் உள்ள லா லோமா கல்லறைத் தோட்டத்தில் 2024-ல் இந்தக் கலசங்களுக்கென்றே ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஐந்து வருடக் கெடு கிடையாது.